பெர்னாட்ஷாவும் கூத்துக்களமும்: நாடக விமர்சனத்தின் பார்வையாளர் யார்?

1940களின் பிற்பாதியில் கே.ஆர். ராமசாமி குழுவினர் தஞ்சையில் நடத்திய அண்ணாதுரையின் ‘ஓர் இரவு’ நாடகத்தைப் பார்த்த கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி, தமது வார இதழில் அதை மெச்சி எழுதியபோது ஆசிரியரைப் பெர்னாட்ஷாவுக்கு ஒப்பிட்டார். எதிரணியில் நின்ற காங்கிரஸ்காரரே பாராட்டினார் என்பதற்காகத் திராவிட இயக்க வரலாறுகள் திரும்பத்திரும்பச் சொல்லும் சங்கதி இது. சரி, சொல்லட்டும். நமது கேள்வி வேறு. ஒரு தமிழ் நாடகத்தை உயர்த்திச் சொல்ல லண்டன் மேடை எதற்குத் தேவைப்பட்டது?

1930களில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் ‘ஆடல் பாடல்’ பத்தியை எழுதியவர் கல்கி. கச்சேரி, நாட்டியம், நாடகம் எல்லாம் அந்தப் பத்தியில் கேலியோடும் ரசனையோடும் அலசப்பட்டன. பக்கத்திலேயே மாலியின் கோடுகள். டிக்கெட் வாங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டுக்குப் போய் அபிப்பிராயம் சொல்லும் ஒரு நடுத்தரவர்க்கப் பார்வையாளரை இந்த எழுத்து உருவாக்கியது. சபாவுக்குப் போகாதவர்களும் போனவர்களைப் போலப் பேசக் கற்றுக்கொண்டார்கள்.

இந்த வடிவம் பிரிட்டிஷ் சித்திரப் பத்திரிகைகளில் ஏற்கெனவே ஊறிக் கிடந்ததுதான். ‘டாட்லர்’, ‘ஸ்கெட்ச்’, ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ இதழ்களில் நடிகையின் புகைப்படம், முதல்நாள் ஆட்டத்துக்கு வந்த சீமான்கள், நடுவே விமர்சகரின் பத்தி என்று நாடகம் பார்ப்பதே ஒரு வர்க்கத்தின் ஆசாரமாக அச்சாயிற்று. 1956இல் ஜான் ஆஸ்பர்னின் ‘லுக் பேக் இன் ஆங்கர்’ மேடையேறியபோது கென்னத் டைனன் ‘அப்சர்வர்’ இதழில் அதன் பக்கம் நின்று எழுதியது அந்த ஆசாரத்தில் விழுந்த ஒரு கீறல். ஆனால் டைனனுக்கும் முன்னால் அந்தப் பிரதியைப் படித்தவர் ஒருவர் இருந்தார். 1737 முதல் 1968 வரை, லார்ட் சேம்பர்லின் அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் அங்கே புதிய நாடகம் எதையும் பொது அரங்கில் போட முடியாது. முதல் விமர்சகர் அரசாங்கம்தான்.

இங்கேயும் அப்படித்தான். 1876இல் வெள்ளைக்காரன் போட்ட நாடகச் சட்டம் போதாதென்று, எம்.ஆர். ராதாவின் ‘ராமாயணம்’ மேடையேறிய 1954இலேயே சென்னை மாகாணம் தனக்கென ஒரு நாடகச் சட்டம் செய்துகொண்டது. பரீக்ஷா ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதென்றது. பத்திரிகை விமர்சகருக்கும் அதிகாரிக்கும் ஒரு பொதுத்தேவை உண்டு: இரண்டு பேருக்கும் எழுதப்பட்ட பிரதி வேண்டும், ஆசிரியர் என்றொருவர் வேண்டும். ஒருவர் பாராட்ட, மற்றவர் பிடித்துக்கொண்டு போக.

இரண்டும் இல்லாத இடம் கூத்துக்களம். மல்லசமுத்திரம் மாதிரி ஊர்ப்பக்கம், விடிய விடியக் கூத்து நடந்த மறுநாள் காலையில் டீக்கடையில் உட்கார்ந்து பாருங்கள். “தாளம் கூடலீங்க.” “துரியோதனன் வேசம்னா போனவருசம் கட்டுனவந்தான். இவனுக்குத் தொண்டை விடியக்காலம் வரைக்கும் தாங்கல.” “கோமாளி இன்னும் பழம்பேச்சே பேசிட்டிருக்கறான்.” போன வருசத்து ஆட்டத்தோடு இந்த வருசத்து ஆட்டத்தை ஒப்பிட்டு, குரலையும் அடவையும் தனித்தனியே எடைபோடும் இந்தப் பேச்சு விமர்சனம் இல்லையென்றால் வேறென்ன? இதற்கு அளவுகோல் லண்டனிலிருந்து வரவில்லை.

இதைப் புனிதமாக்கவும் வேண்டாம். யார் பணம் கொடுத்தது, எந்தத் தெருவில் களம், யார் கட்டிலில் உட்கார்ந்தது, யார் ஓரமாக நின்றது, பெண்வேசத்தை ஏன் ஆணே கட்டவேண்டியிருந்தது என்பதையெல்லாம் டீக்கடைப் பேச்சு பெரும்பாலும் தொடாமலே போய்விடும். சாதி அங்கேயும் இருக்கை ஒதுக்கும், டிக்கெட் இல்லாமலே.

ஆனால் இழப்பு ஒரு பக்கம்தான். சபா நடிகரிடம் ஒரு பத்திரிகைத் துண்டாவது இருக்கும், தான் நடித்ததற்குச் சாட்சியாக. கூத்துக்காரருக்குப் பார்த்தவர்களே சாட்சி. அவர்கள் செத்துப்போனால் ஆட்டமும் செத்துப்போகும்.

இந்த இடைவெளியில் சிறுபத்திரிகைகள் செய்தது கொஞ்சமல்ல. ந. முத்துசாமி தெருக்கூத்தைத் தீவிரமான அரங்காக எடுத்துக்கொண்டு எழுதினார். சேலம் மாவட்டம் ஏர்வாடியிலிருந்து மு. ஹரிகிருஷ்ணன் தொடங்கிய ‘மணல்வீடு’ இந்தப் பகுதிக் கூத்தர்களையே பக்கங்களுக்குள் கொண்டுவந்தது. இருந்தும் நம்மில் பலர், கல்கி ஷாவை உட்காரவைத்த நாற்காலியில் பிரெக்டை உட்காரவைத்துவிட்டு, கூத்தில் ‘அந்நியமாதல்’ இருக்கிறது என்று கண்டுபிடித்து மகிழ்கிறோம். நாற்காலி அதேதான்.

கூத்தைப் பற்றி எழுதுகிறவர் முதலில் தரையில் உட்காரட்டும். வேசம் கட்டியவர் பெயரையும் மத்தளம் அடித்தவர் பெயரையும் ஊரையும் தேதியையும் குறிக்கட்டும். பக்கத்தில் இருப்பவர் சொல்வதை அவர் சொன்ன மாதிரியே எழுதட்டும், ஓரமாக நின்றவரையும் கேட்டு. கோட்பாடு அதற்கப்புறம் வரட்டும்.