கேஸ் கட்டரிலிருந்து கணினி மேசை வரை: ஒரு பட்டறை வரலாறு



மலர்க் குழுவினர் "உங்க தொழிலைப் பத்தி ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதிக் கொடுங்க" என்று கேட்டார்கள். தொழில் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் இருப்பது திருமலைராயன்பட்டினத்தில் ஒரு தகரக் கொட்டகையும், அதற்குள் நாங்களே கட்டிய ஒரு சி.என்.சி. பிளாஸ்மா மேசையும்தான். எட்டுக்கு நாலு அடி இரும்புத் தகட்டை அதன் மேல் போட்டால், கணினியில் வரைந்த படத்தின்படி டார்ச் தானாக நகர்ந்து வெட்டிக் கொடுக்கும். பார்க்க வருகிறவர்கள் "எந்தக் கம்பெனி மெஷின்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். "கம்பெனி இல்லைங்க, நாங்களே செஞ்சது" என்றால் நம்ப மாட்டார்கள். ஆனால் 'நாங்களே' என்ற சொல்லுக்குள் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பலருடைய உழைப்பு அடங்கியிருக்கிறது. அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பிரெஞ்சு நெருப்பு

இரும்பை நெருப்பால் வெட்டும் கதை பிரான்சில் தொடங்குகிறது. ஆக்சிஜனும் அசிட்டிலீனும் சேர்ந்து எரிந்தால் 3000 டிகிரிக்கு மேல் சூடு கிடைக்கும் என்று 1895-இல் கண்டு சொன்னவர் லெ ஷாத்தலியே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. 1903-இல் ஃபூஷே, பிக்கார் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சுடரைக் கையில் பிடிக்கும் டார்ச்சாக ஆக்கினார்கள். அப்போது நம் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. 1739-இல் அவர்கள் கைக்குப் போன ஊர், 1954 நவம்பர் 1-ஆம் தேதிதான் இந்தியாவோடு சேர்ந்தது. நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் இரண்டு சிலிண்டரை வண்டியில் கட்டி வைத்து வெட்டுகிறோமே, அது அந்தப் பரம்பரைதான்.

கேஸ் கட்டிங்கில் ஒரு நுட்பம் உண்டு. சுடர் இரும்பை உருக்கி வெட்டுவதில்லை. சுடர் இரும்பைச் சிவக்கச் சூடாக்கும். அதன் மேல் பாயும் சுத்தமான ஆக்சிஜன் இரும்பையே எரிக்கும். எரிந்த கசடு கீழே ஒழுகிவிடும். இரும்புக்கு இது சரி. எவர்சில்வருக்கும் அலுமினியத்துக்கும் இந்த வித்தை பலிக்காது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேல் படியும் ஆக்சைடு 2000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். அந்தத் தோல் கவசம் மாதிரி மூடிக்கொள்ளும். விமானத் தொழில் வளர்ந்த காலத்தில் இது பெரிய தலைவலியாக இருந்தது.

நெரித்தால் பாயும்

அந்தத் தலைவலிக்கு மருந்து 1950களில் கிடைத்தது. அமெரிக்காவில் யூனியன் கார்பைடின் லிண்டே பிரிவில் வேலை பார்த்த ராபர்ட் கேஜ், டங்ஸ்டன் முனையிலிருந்து எழும் மின்வில்லை ஒரு சிறு துளை வழியாக நெரித்து அனுப்பிப் பார்த்தார். தோட்டத்தில் தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்குமே, அதே மாதிரி மின்வில் ஒரு கத்தியாகப் பாய்ந்தது. 1957-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 'பிளாஸ்மா' என்ற பெயரை 1928-லேயே இர்விங் லாங்மியூர் வைத்துவிட்டார். வாயு அயனியாகி மின்சாரத்தைக் கடத்தும் நிலை அது. 20,000 டிகிரியை எட்டும் அந்தத் தாரை, மின்சாரம் கடத்தும் எந்த உலோகத்தையும் வெட்டும்.

முதலில் ஆர்கான், ஹைட்ரஜன் என்று விலை அதிகமான வாயுக்கள் வேண்டியிருந்தன. 1960களில் வெறும் அழுத்தக் காற்றையே பயன்படுத்தினார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் டங்ஸ்டனைத் தின்றுவிடும் என்பதால், முனையில் ஹாஃப்னியம் என்ற உலோகப் பொட்டு வந்தது. பிளாஸ்மாவிலேயே பெயர் எடுத்த ஹைப்பர்தெர்ம் நிறுவனம் 1968-இல் இரண்டு கார் நிறுத்தும் ஷெட்டில் பிறந்தது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் டார்ட்மவுத் கல்லூரியில் பொறியியல் படித்தவர். மற்றவர் அங்கே பேராசிரியராக இருந்தவர். பழைய மாணவர்களும் ஆசிரியர்களும் கூடும் இந்த நேரத்தில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நம்மவர் ஒருவருக்கும் இதில் பங்குண்டு. பழைய பிளாஸ்மா பெட்டிகளில் கனமான டிரான்ஸ்பார்மர் இருந்தது. நகர்த்த நாலு ஆள் வேண்டும். இன்றைய இன்வெர்ட்டர் பெட்டியை ஒருவரே தூக்கிவிடலாம். காரணம், ஐ.ஜி.பி.டி. என்ற மின்சுவிட்சு. அது நொடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடுவதால் சின்ன டிரான்ஸ்பார்மரே போதும். அதை 1980களின் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி நடைமுறைக்குக் கொண்டுவந்ததில் முதன்மையானவர் ஜெயந்த் பாலிகா. சென்னையில் பிறந்தவர், சென்னை ஐ.ஐ.டி.யில் 1969-இல் பட்டம் பெற்றவர்.

கைப்பிடியைத் திருப்பிய எண்கள்

இது நெருப்பின் கதை. இனி மூளையின் கதை.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் டிராவர்ஸ் சிட்டி என்ற சிற்றூர். அங்கே ஜான் பார்சன்ஸ் என்ற பட்டறைக்காரர் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்தார். கல்லூரிப் பட்டம் இல்லாதவர். இறக்கையின் வளைவைத் துல்லியமாக வெட்ட வேண்டும். அவரிடம் வேலை பார்த்த ஃபிராங்க் ஸ்டூலன், துளை அட்டைக் கணக்கு இயந்திரத்தில் வளைவின் புள்ளிகளைக் கணக்கிட்டுத் தந்தார். பிறகு மில்லிங் மெஷின் முன்னால் ஒருவர் நின்று எண்களை வாசிப்பார். இரண்டு பேர் ஆளுக்கு ஒரு கைப்பிடியைத் திருப்புவார்கள். 'வாசிக்கிறவருக்குப் பதில் அட்டையே வாசித்தால் என்ன? திருப்புகிறவருக்குப் பதில் மோட்டார் திருப்பினால் என்ன?' இந்தக் கேள்வியில்தான் எண்வழிக் கட்டுப்பாடு பிறந்தது.

1949-இல் அமெரிக்க விமானப்படை பணம் கொடுத்தது. எம்.ஐ.டி. ஆய்வுக்கூடம் வேலையில் சேர்ந்தது. 1952-இல் துளையிட்ட காகித நாடாவைப் படித்து வெட்டும் மில்லிங் மெஷினைக் காட்டினார்கள். வெற்றிடக் குழாய்கள் நிரம்பிய கட்டுப்பாட்டு அலமாரிகள் பார்ப்பவரை மலைக்க வைத்தன. இதற்குள் பார்சன்ஸ் ஓரம் கட்டப்பட்டிருந்தார். இருந்தாலும் 1958-இல் அவர் பெயருக்கே காப்புரிமை வந்தது. 1985-இல் அவருக்கும் ஸ்டூலனுக்கும் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது.

டேவிட் நோபிள் என்ற வரலாற்று ஆசிரியர் 1984-இல் எழுதிய நூலில் ஒரு குற்றச்சாட்டு வைத்தார். எண்வழிக் கட்டுப்பாடு வளர்ந்ததற்குத் துல்லியம் மட்டும் காரணமல்ல, தொழிலாளியின் கையிலிருந்த அறிவை எடுத்து முதலாளியின் அலுவலக அறைக்குக் கொண்டுபோகும் ஆசையும் ஒரு காரணம் என்றார். இதை நண்பர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கொட்டகைக்கு வரும்போது தேவைப்படும்.

நம் நாட்டில் 1962-இல் பெங்களூரில் மத்திய இயந்திரக் கருவி நிலையம் வந்தது. 1975-இல் திருச்சி பெல் வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1988-இல் கோவை லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் ஜப்பானின் மோரி செய்க்கியோடு சேர்ந்து சி.என்.சி. இயந்திரம் செய்யத் தொடங்கியது. ஆனால் இவையெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம். கேட்டும் கிரில்லும் செய்யும் பட்டறைக்காரன் எட்டிப் பார்க்கலாம், தொட முடியாது.

இலவசமாக வந்த மூளை

அந்தக் கதவைத் திறந்தது ஒரு கொடை. 1990களில் அமெரிக்க அரசின் தேசியத் தர அளவீட்டு நிறுவனம் சாதாரணக் கணினியிலேயே ஓடும் ஒரு இயந்திரக் கட்டுப்பாட்டு நிரலை எழுதியது. அரசு ஊழியர் எழுதியதால் அதற்குப் பதிப்புரிமைப் பூட்டு இல்லை. அதை ஆர்வலர்கள் எடுத்து வளர்த்தார்கள், அதுவே லினக்ஸ்சி.என்.சி. 2005-இல் இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில் மாணவர்களுக்காக ஆர்டுயினோ என்ற மலிவான சர்க்யூட் பலகை வந்தது. 2009-இல் நார்வேக்காரர் ஸிமென் ஸ்வாலே ஸ்காக்ஸ்ருட் அதில் ஓடும் ஜி.ஆர்.பி.எல். என்ற நிரலை எழுதி எல்லோருக்கும் திறந்துவிட்டார். உள்ளங்கை அளவு பலகை, ஒரு காலத்தில் அலமாரிகள் செய்த வேலையைச் செய்ய ஆரம்பித்தது.

பார்சன்ஸ் பட்டறையில் ஒருவர் வாசித்த எண்கள்தான் இன்றும் ஓடுகின்றன. 'ஜி1 எக்ஸ்100 ஒய்50' என்றால் அந்தப் புள்ளிக்கு நேர்கோட்டில் போ என்று அர்த்தம். அவ்வளவுதான், மந்திரம் ஒன்றுமில்லை.

எங்கள் கொட்டகை

நம்ம ஊர்ப் பக்கம் இரும்பு வேலைக்குக் குறைவில்லை. நிரவியில் ஓ.என்.ஜி.சி., திருமலைராயன்பட்டினத்தில் 2000-இல் ஓடத் தொடங்கிய 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம், வாஞ்சூரில் 2009-இல் வந்த துறைமுகம், பட்டினச்சேரி மீனவர்களின் படகுகள், ஊரெல்லாம் கேட், ஷெட். ஆனால் அழகாக வெட்டிய தகடு வேண்டுமென்றால் வெளியூருக்கு அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். லாபத்தில் பாதி லாரி வாடகைக்குப் போகும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்துபோன பிறகு ஷெட் வேலைகள் குவிந்தன. பிளேட் வெட்ட ஆளில்லை. பையன்கள் வளைகுடாவுக்குப் போயிருந்தார்கள். மேசையை நாமே கட்டலாம் என்று முடிவெடுத்தது அப்போதுதான். நம் கல்லூரியிலேயே படித்த இரண்டு தம்பிகள் கூட வந்தார்கள்.

சட்டம் கட்டியது சதுரக் குழாயில். ரசமட்டமும் மூலைமட்டமும் வைத்து, குறுக்கு மூலைகளை டேப்பால் அளந்து, இரண்டும் ஒன்றாகும் வரை தட்டினோம். ஓடும் பாலத்துக்கு ரேக்கும் பினியனும். கணக்கு நம் கல்லூரியில் படித்ததுதான்: மாட்யூல் 1, பல் 20 என்றால் ஒரு சுற்றுக்கு 62.83 மில்லிமீட்டர். மூன்றுக்கு ஒன்று பெல்ட் குறைப்பு வைத்தால் மோட்டார் ஒரு சுற்றுக்கு 20.94. ஸ்டெப்பர் மோட்டாருக்குச் சுற்றுக்கு 200 படி. ஒவ்வொன்றையும் எட்டாகப் பிரித்தால் 1600. ஆக மில்லிமீட்டருக்கு 76 படிக்குச் சற்று மேல். தகட்டு வேலைக்கு இது தாராளம்.

கஷ்டமெல்லாம் வேறு இடத்தில் இருந்தது. முதலாவது, கடற்காற்று. நம் ஊர்க் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். கம்ப்ரசர் அதையும் சேர்த்துத்தான் அழுத்தும். ஈரக் காற்று போனால் நாசில் சீக்கிரம் பாழாகும். தண்ணீர் பிரிப்பானும் டிரையரும் போட்ட பிறகே நிம்மதி. காளமேகப் புலவர் கோபத்தில் பாடி இந்த ஊரில் மண்மாரி பெய்ய வைத்தார் என்பது கர்ண பரம்பரைக் கதை. அந்த மண் இன்னும் பறந்து எங்கள் ரேக் பல்லில் உட்காருகிறது என்று தம்பிகள் சொல்வார்கள்! தினம் காலையில் துடைத்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, மின்சாரக் குழப்பம். ஆர்க் பற்றும்போது எழும் உயர் அதிர்வெண் இரைச்சல் கணினியைத் திகைக்க வைக்கும். மேசைக்குத் தனி எர்த் கம்பி, கேபிளுக்குக் கவச உறை, பவர் கேபிளையும் சிக்னல் கேபிளையும் தனித்தனியாக ஓட்டுவது, இவைதான் மருந்து. மூன்றாவது, டார்ச் உயரம். தகடு சூட்டில் நெளியும். தூரம் கூடினால் ஆர்க்கின் வோல்ட் கூடும்; அந்த வோல்ட்டைப் பார்த்துக் கணினி டார்ச்சை ஏற்றி இறக்குகிறது. நாசிலுக்குள் காற்று சுழன்று வருவதால், போகும் திசைக்கு வலப்பக்கம்தான் வெட்டு நேராக விழும். அதனால் வெளி விளிம்பைக் கடிகாரச் சுற்றிலும், உள்ளே துளையை எதிர்ச்சுற்றிலும் வெட்ட வேண்டும்.

அடியில் தண்ணீர்த் தொட்டி வைத்தோம். புகையும் பொறியும் அதில் அடங்கும். ஆனால் அலுமினியம் வெட்டும்போது கவனம் தேவை. அதன் கசடு தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரஜன் விடும், தகட்டின் அடியில் தேங்கினால் வெடிக்கும். துத்தநாகம் பூசிய தகட்டின் புகை காய்ச்சல் தரும். கண்ணாடியும் காற்றோட்டமும் இல்லாமல் யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது.

மேஸ்திரியின் கேள்வி

எங்கள் பட்டறையில் முப்பது வருஷமாகக் கேஸ் கட்டிங் பார்த்த மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். சாக்பீஸ் கோட்டின் மேல் கை நடுங்காமல் வெட்டுவார். மேசை ஓடத் தொடங்கிய அன்று, "தம்பி, இது வந்துட்டா எனக்கு என்ன வேலை?" என்று கேட்டார். நோபிள் எழுப்பிய கேள்வியே அதுதான். பதில் வாயால் சொல்ல முடியவில்லை, வேலையில்தான் தெரிந்தது. நாசில் தேய்கிறது என்பதை மீட்டர் காட்டும் முன்னே சத்தத்தை வைத்தே அவர் சொல்லிவிடுவார். கசடு பின்பக்கம் எப்படித் தொங்குகிறது என்று பார்த்து, "வேகம் ஜாஸ்தி, குறைங்க" என்பார். தம்பிகள் எண்ணை மாற்றுவார்கள். சில மாதத்தில் அவரே எண்ணை மாற்றக் கற்றுக்கொண்டார். படம் போடுவது, நிரலைத் திருத்துவது, வெட்டுவது எல்லாம் ஒரே கூரைக்குள் நடப்பதால் எங்களிடம் அறிவு அலுவலக அறைக்குப் போகவில்லை, கொட்டகையிலேயே இருக்கிறது. சொந்தமாகக் கட்டிய மேசையின் பெரிய லாபம் மிச்சமான பணமல்ல, இதுதான் என்பது என் கருத்து.

இன்றைய மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். கடைசி வருஷப் புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். பார்சன்ஸ் கேட்ட மாதிரி ஒரு சின்னக் கேள்வியைப் பிடியுங்கள். உங்களுக்கு வேண்டிய மூளையை யாரோ எழுதி இலவசமாக வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் கண்டதையும் அடுத்தவருக்கு எழுதி வையுங்கள். முன்னாள் மாணவர்களில் பட்டறை வைத்திருப்பவர்கள் கதவைத் திறந்து வையுங்கள். பட்டினச்சேரிப் படகுக்கும் நம்ம ஊர்க் கேட்டுக்கும் வேண்டிய தகட்டை நம் பிள்ளைகளே வெட்டட்டும்.

வளர்க நம் கல்லூரி! வாழ்க நம் நட்பு!