ஆடல் உறைந்த ஒரு கணம்



1952ஆம் ஆண்டு. இந்தியாவின் இராயலசீமை வறட்சி நிவாரண நிதிக்காக ஓர் இளம் பெண்ணின் பரதநாட்டிய அரங்கேற்றம் நடைபெறுகின்றது. யமுனை நதியின் செழிப்பையும், அதில் நீராடி மகிழும் பெண்களையும் அவர் அபிநயித்துக்கொண்டிருக்கின்றார். திடீரென, வறட்சிப் படங்களிற் கண்ட வெடித்த நிலமும், கையில் தகரப் பேணிகளுடன் தண்ணீருக்காக நீண்ட வரிசையில் நின்ற மக்களும் அவரது மனக்கண்ணில் தோன்றுகின்றனர். ஆடிய உடல் ஒரு கணம் உறைந்துவிடுகின்றது.

தண்ணீரில்லாத மக்களுக்கு நிதி திரட்டும் மேடையில் தண்ணீரின் செழிப்பை ஆடுவதா? அந்தக் கேள்வியிலிருந்தே சந்திரலேகா என்ற நவீன ஆடற் கலைஞர் உருவானார்.

மகாராஷ்டிரத்தின் வாடா என்னும் ஊரில் 1928இல் பிறந்த அவர், சென்னைக்கு வந்து காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையிடம் ஆடல் பயின்றார். சதிர் என வழங்கிய ஆடல் பரதநாட்டியம் எனப் பெயர் மாறி, சபா மேடைகளில் நிலைபெற்றுவிட்ட காலம் அது. பட்டும் நகையும், தலைவனை எண்ணி ஏங்கும் தலைவியும் அம்மேடையின் வழக்கமாகிவிட்டன. அந்த வழக்கத்துக்குள் தமது கேள்விக்கு விடை இல்லை என்பதைச் சந்திரலேகா கண்டார். 1972இல் ‘நவக்கிரகா’வைப் படைத்தபின், பத்தாண்டுகளுக்கு மேலாக ஆடல் மேடையை விட்டு விலகியிருந்தார். கவிதை எழுதினார், சுவரொட்டிகள் வரைந்தார், பெண்கள் இயக்கத்தில் ஈடுபட்டார்.

1984இல் பம்பாயில் நடைபெற்ற கிழக்கு மேற்கு ஆடற் சந்திப்பில் மீண்டும் தோன்றினார். மறு ஆண்டு ‘அங்கிகா’ மேடையேறியது. கதை இல்லை, கடவுளர் லீலை இல்லை, நகைகளின் மினுக்கமும் இல்லை. கேரளத்துக் களரிப்பயிற்றும் யோகாசனமும் பரதநாட்டியத்தின் அரைமண்டியும் ஒரே மேடையில் அருகருகே நின்றன. ‘இதுவும் பரதநாட்டியமா?’ என முகஞ்சுளித்தோர் உண்டு. அவரோ, போரிலும் உழைப்பிலும் வழிபாட்டிலும் பழகிய உடலே ஆடலின் தாய்வீடு என்றெண்ணினார். 1989இல் பாஸ்கரரின் கணித நூலைத் தழுவி ‘லீலாவதி’யைப் படைத்தார். 2001இல் வந்த ‘சரீரா’, மிக மெதுவாக நகரும் இரு உடல்களின் ஆற்றுகை. அதில் ஆடிய பெண், கவிஞர் திஷானி தோஷி. ஆண், களரி வீரர் ஷாஜி ஜோன். 2006இல் சந்திரலேகா மறைந்தார்.

கல்முனைக் கரையில் இருந்துகொண்டு இதை ஏன் பேசவேண்டும்? களரியைப் போலவே உடலைப் பழக்கும் கலைகள் எம்மிடமும் உண்டு. சீனடியும் சிலம்படியும் எம்மவர் அறிந்தவை. கலியாண வீட்டிலும் பெருநாளிலும் அண்ணாவியாரின் பாட்டுக்கும் தாளத்துக்கும் வட்டமாய்ச் சுற்றி, குனிந்து நிமிர்ந்து, கம்போடு கம்பு மோதும் பொல்லடியும் எமது சொத்தே. இவற்றை விளையாட்டு என்கிறோம். பிரமுகரை வரவேற்கும் ஊர்வலத்தில் முன்னே விடுகிறோம். கலை என்பது வேறெங்கோ பெரிய மேடைகளில் இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம்.

புதுமையைத் தேடிய சந்திரலேகா பழைய களரி நிலத்தில்தான் வந்து நின்றார். ஆனால் பழையதை அப்படியே திருப்பி ஆடவில்லை. தம் காலத்துக் கேள்வியை அதனிடம் கேட்டார். பொல்லடியை நாம் அவ்வாறு எதையேனும் கேட்டிருக்கின்றோமா?

2004 டிசம்பர் 26இல் கடல் ஏறிவந்த கரை இது. மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் அந்தக் காலையை மறந்தவர் இல்லை. தண்ணீரின்மை ஓர் ஆடற்காரியை உறைய வைத்தது. எம்மை உறைய வைத்தது தண்ணீர். அதை அறிந்த உடல்களும், வட்டம் பழகிய கால்களும் இங்கே இருக்கின்றன. மூத்த அண்ணாவிமார் எம்மோடு இருக்கும்போதே ஓர் இளைஞன் கம்பைக் கையிலெடுத்து அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும்.