புழுதியும் சேறும்

நெல்லுழவு என்றதும் சேற்றுழவே நம் நினைவிற்கு வருகின்றது. திருக்குறளின் உழவு அதிகாரமோ, ஒரு பலப் புழுதி காற்பலமாக உலருமாறு உழுது காயவிடச் சொல்கின்றது. எனவே அக்குறள் புன்செய்ப் பயிர்க்கே உரியது எனத் தோன்றலாம். அங்ஙனம் ஒதுக்குதல் பொருந்தாதென்று கருதுகிறோம்.

சேறு கலக்கிய வயலில் நுண்மண் படிந்து, நீர் கீழிறங்குதலைத் தடுக்கும். நீர் தேங்கி நிற்கக் களையும் அடங்கும். ஆனால், சேறு கலக்கவே நிறைந்த ஏரியோ ஆற்றுக் காலோ வேண்டும். வானம் பார்த்த நிலத்தில் அதற்கு வழியில்லை. ஆங்குக் கோடையிலேயே உழுது களையை உலர்த்துவர். பொலபொலத்த மண் முதல் மழையை உள்வாங்கும். இராமநாதபுரச் சீமையில் நெல்லைப் புழுதியில் விதைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. ஆதலின் உழவின் வகையை வைத்துப் பயிரை உறுதிசெய்தல் இயலாது. நீரின் நிலையையே அது காட்டும்.

முதற் பராந்தகனின் உத்தரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921) ஏரி வாரியத்திற்குத் தனியே அறுவரை வகுத்தமையும் ஈண்டு நோக்கத்தக்கது. சேற்றுழவு ஒருவன் ஏரால் மட்டும் முடிவதன்று.