பதறிய காரியம் சிதறியது: 2017 மாகாண சபைத் தேர்தல் சட்டம்



மேல் மாகாண சபைக்கு நாம் கடைசியாக வாக்களித்தது 2014 மார்ச் 29இல். அந்த வருடம் ஓ.எல். எழுதிய பிள்ளைகள் இன்று கல்யாணம் முடித்துக் குடும்பமாக இருக்கிறார்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அவர்களில் ஒருவர்கூட மாகாண சபைக்கு ஒரு வாக்குப் போட்டதில்லை. ஏன்? பதில் 2017 செப்டெம்பர் 20இல் இருக்கிறது.

அந்த வருடம் கிழக்கு, வடமத்திய, சப்ரகமுவ சபைகளின் காலம் முடியும் தறுவாயில் இருந்தது. ஒன்பது சபைகளுக்கும் ஒரே நாளில் தேர்தல் வைக்க அரசாங்கம் 20ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்தது. அதற்கு சர்வசன வாக்கெடுப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடனே வேறு வழி தேடப்பட்டது.

பெண் வேட்பாளர்களுக்கு 30 வீத இடம் கொடுப்பதற்கென்று ஒரு சட்டமூலம் ஏற்கனவே பாராளுமன்றத்தில் இருந்தது. அதன் குழுநிலையில், தேர்தல் முறையையே மாற்றும் பக்கம் பக்கமான திருத்தங்கள் நுழைக்கப்பட்டன. விகிதாசாரம் போய், தொகுதியும் விகிதாசாரமும் கலந்த முறை வந்தது. ஆதரவு 159, எதிர்ப்பு 37. 17ஆம் இலக்கச் சட்டம் அன்றே நிறைவேறியது.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எந்தச் சட்டமூலத்தையும் பிரஜை ஒருவர் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். ஆனால் அதற்கான காலம் ஆரம்பத்திலேயே முடிந்துவிடும்; அப்போது அது ஒரு வாரம். குழுநிலையில் புதிதாக நுழைவதை யாரும் முன்கூட்டிப் பார்த்திருக்க முடியாது. நிறைவேறிய பிறகோ, அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரைப்படி எந்த நீதிமன்றமும் அதை விசாரிக்க முடியாது. மக்கள் கேட்கும் கதவு இரண்டு பக்கமும் மூடப்பட்டது.

எம்மவர்கள் என்ன செய்தார்கள்? முஸ்லிம் கட்சிகள் முதலில் எதிர்த்தன. 60க்கு 40 என்றிருந்த தொகுதிப் பங்கு 50க்கு 50 ஆனதும் கை உயர்த்தின. கொழும்பில் நாம் ஒரே இடத்தில் வாழவில்லை. மருதானை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, தெஹிவளை என்று சிதறி வாழ்கிறோம். விகிதாசாரத்தில் மாவட்டம் முழுவதும் உள்ள எமது வாக்குகள் ஒன்றுசேரும். தொகுதியில் அந்தந்த எல்லைக்குள்ளேயே அடங்கிப் போகும். அப்படியானால் எல்லையை எங்கே கீறுகிறார்கள் என்பதே எமக்குப் பெரிய கேள்வி. எல்லை தெரியாமலே சட்டத்துக்கு வாக்களிக்கப்பட்டது.

எல்லை நிர்ணயக் குழு 222 தொகுதிகளைக் கீறியது. குழுவில் இருந்த பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் உடன்படாமல் தனியாக அறிக்கை கொடுத்தார். 2018 ஆகஸ்ட் 24இல் அறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139. ஆதரவாக ஒருவரும் இல்லை. சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் பைசர் முஸ்தபாவே எதிர்த்து வாக்களித்தார். ஹஸ்புல்லாஹ் சேர் அதே மாதம் காலமானார்.

பிறகு பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழு ஒன்று அமைந்தது. இரண்டு மாதத்தில் அறிக்கை தர வேண்டும்; வரவேயில்லை. பழைய முறையில் தேர்தல் வைக்கலாமா என்று 2019இல் ஜனாதிபதி உயர் நீதிமன்றத்திடம் கேட்டார். பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தாமல் முடியாது என்று பதில் வந்தது. பழைய முறை இரத்து, புதிய முறைக்கு எல்லை இல்லை. அந்த வருடம் முடிவதற்குள் ஒன்பது சபைகளின் காலமும் முடிந்தது. ஆளுநர்களின் ஆட்சி தொடர்ந்தது. 2025இலும் தேர்தல் நடக்கவில்லை.

தேர்தல் சட்டத்தில் ஒரு எண் மாறினாலும் எமது தலையெழுத்து மாறும். 1988இல் வெட்டுப்புள்ளி 12.5 வீதத்திலிருந்து 5 வீதமாகக் குறைந்ததால்தான் சிறிய கட்சிகளுக்கு வழி திறந்தது. அதற்காக மர்ஹூம் அஷ்ரப் வாதாடியது ஊரறிந்த விடயம். ஆகவே மாற்றமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பெண்களுக்கான 30 வீதம் நல்ல நோக்கம்தான்; அதுவும் இந்த அவசரத்தில் அகப்பட்டு, இன்றுவரை ஒரு பெண்ணுக்கும் மாகாண சபையில் பயன் தரவில்லை.

புதிய தேர்தல் சட்டமூலம் வரும்போது பள்ளி நிர்வாகங்களும் ஊர்ச் சங்கங்களும் எமது உறுப்பினர்களிடம் இரண்டே கேள்வி கேட்போம். நாம் வர்த்தமானியில் வாசித்ததும் நீங்கள் வாக்களிக்கப் போவதும் ஒன்றுதானா? எல்லை வரைபடம் எங்கே? பதில் கிடைக்கும் வரை கை உயர்த்த வேண்டாம் என்று சொல்லும் உரிமை எமக்கு உண்டு.