இலைவாசல் தேடிய பூஞ்சணம்

அட்டன் முதல் நுவரெலியா வரை இன்று தேயிலை போர்த்திருக்கும் மலைநாட்டில், ஒருகாலத்தில் கோப்பியே பெரும்பயிராக விளங்கியது. 1869-இல் இலங்கையில் காணப்பெற்ற இலைத்துரு நோய் அதனை அழித்தது.

1880-இல் வந்த மார்ஷல் வார்டு என்னும் அறிஞர், நோய்ப்பூஞ்சணம் ஈர இலையில் முளைத்து, இலைத்துளை வழியே உட்புகுவதைக் கண்டார். கண்ணற்ற முளைக்குழல் அவ்வாசலை அறிவது எவ்வாறு?

1987-இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தார் சிலிக்கன் தகட்டில் நுண்வரம்புகளைச் செதுக்கி, அதன் வார்ப்பில் பீன்சுச் செடியின் துருப்பூஞ்சணத்தை வளர்த்தனர். மில்லிமீட்டரில் 2000-இல் ஒரு பங்கு உயரமுள்ள வரம்பைத் தொட்டதும், குழல் அதனை இலைத்துளையின் விளிம்பெனக் கொண்டு, உட்புகும் உறுப்பை உருவாக்கிற்று. தொடுகை உயிரணுவின் வடிவத்தையே மாற்றுகிறது என்பது புலனாயிற்று.

கோப்பிக்கு அவ்விடை காலங்கடந்தது. பருவந்தோறும் வந்துசென்ற தமிழ்த் தொழிலாளரோ, ஆண்டு முழுவதும் ஆள்வேண்டிய தேயிலையால் மலைநாட்டிலேயே குடியாயினர்.