மனையமைதியும் விருந்தோம்பலும்

மனையின் மாட்சி யாது என்னும் வினாவுக்குப் பலரும் பலவாறு விடை கூறுவர். அகன்ற முற்றமும் காற்றோட்டமும் நல்ல தளவரிசையுமே மனைக்கு அமைதி தருவன என்பர் சிலர். பொருள் நிறைவும் சுற்றத்தார் ஒற்றுமையுமே என்பர் வேறு சிலர். இவையெல்லாம் வேண்டுவனவே. ஆயினும், இவையனைத்தும் பொருந்தியிருந்தும் புகுந்தோர்க்கு மனங்கொள்ளாத இல்லங்கள் உள. இவற்றுள் ஒன்றும் இன்றியும் வந்தவரைக் குளிர்விக்கும் குடில்களும் உள. ஆதலால் மனையமைதிக்குக் காரணம் கட்டடத்தின் வேறாயதொன்று என்பது பெறப்படும். அஃது யாதென்பதை நூல்வழி மாத்திரமன்றி வரலாற்று வழியாகவும் ஆராய்தல் தகும்.

அவ்வாராய்ச்சிக்குக் கடலூர் மாவட்டத்து வடக்குத்து என்னும் ஊரைச் சூழ்ந்த நிலப்பகுதி சாலவும் பொருத்தமுடையது. அவ்வூர் பண்ணுருட்டியினின்று வடலூருக்குச் செல்லும் பெருவழியில், நெய்வேலி நகரியத்தை அடுத்து உள்ளது. அதற்கு வடக்கே, பண்ணுருட்டியைச் சார்ந்து, திருவாமூரும் திருவதிகையும் விளங்குகின்றன. தெற்கே வடலூர் உளது. ஒரே நிலப்பகுதியில், மூன்று வேறு காலங்களில், மனையை இழந்தோர் மூவகையினர் வாழ்ந்தனர். அவர் வரலாற்றால் மனையின் இயல்பு தெளிவாகும்.

முதற்கண் கருதத்தக்கது திலகவதியார் வரலாறு. திருவாமூரிற் குறுக்கையர் குடியிற் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகளாய்த் தோன்றியவர் அவ்வம்மையார். தந்தையார் விண்ணுலகெய்த, தாயாரும் உடன் உயிர் நீத்தார். மணம்பேசி முடிக்கப்பெற்ற கலிப்பகையாரும் போரில் மாண்டார். தாமும் உயிர் துறக்கத் துணிந்த அம்மையார், இளையராகிய மருணீக்கியார் அழுது வேண்டினமையால், தம்பியின்பொருட்டே உயிர் தாங்கினார். பெரியோரும் கொழுநரும் இல்லாத அவ்வீடு மனையாய் நிலைத்தது எதனால்? ஒருவர் தம்பொருட்டன்றிப் பிறர்பொருட்டு வாழத் துணிந்தமையால் என்க.

பின்னர் மருணீக்கியார் பாடலிபுத்திரம் எனப்பட்ட திருப்பாதிரிப்புலியூரை அடைந்து, சமண சமயம் புகுந்து, தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பெற்றார். அம்மையார் திருவாமூரை விட்டுத் திருவதிகை வீரட்டானத்தின் மருங்கில் திருமடம் ஒன்றில் வதிந்து, திருக்கோயிற்றொண்டு செய்துவந்தார். தருமசேனர் தீராச் சூலை நோயால் வருந்தி, ஒருவரும் அறியாமல் இரவில் தமக்கையார் மடத்தை வந்தடைந்த செய்தியைச் சேக்கிழார் பெருமான் விரித்துரைத்துள்ளார்.

ஈண்டு உற்று நோக்கத்தக்கது அம்மையார் தம்பியை ஏற்ற முறையாம். பல ஆண்டு பிரிந்திருந்தவர். தம் குலத்துக்குரிய நெறியை விட்டுச் சென்றவர். நோய் வந்தபின்னரே தமக்கையை நினைந்தவர். இத்தகையார் நள்ளிரவில் வாயிலில் வந்து நிற்க, அம்மையார் சினந்துரைத்தாரல்லர், கணக்குக் கேட்டாருமல்லர். இறைவன் திருவருள் இதுவெனத் தேற்றி, திருநீறளித்து, புலர்காலையில் தம்முடன் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். செல்லுங்கால் அவர் கையில் இருந்தன அலகும், மெழுகுதற்குரிய சாணமும், நீர்த்தோண்டியும். நாள்தோறும் விடியற்குமுன் நிலத்தை அலகிட்டு மெழுகும் ஒழுக்கத்தை அம்மையார் எவ்விடத்தும் விட்டிலர். திருவாமூர் வீட்டின் சுவர்கள் திருவதிகைக்கு வரவில்லை. மனை மாத்திரம் அவருடன் வந்தது. அந்த வாயில் அன்றிரவு திறந்திராதாயின், திருநாவுக்கரசர் என்னும் திருப்பெயரை உலகம் பெற்றிராது.

இனி, வடலூர் வரலாற்றை நோக்குவோம். இராமலிங்க அடிகள் 1823-ஆம் ஆண்டு மருதூரில் தோன்றினார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். குடும்பம் சென்னைக்குப் பெயர, தமையனார் சபாபதி பிள்ளை இல்லத்தில் வளர்ந்தார். கல்விச்சாலைக்குச் செல்லாது கோயில்களில் திரிந்தமை கண்டு, அவருக்கு உணவிடலாகாதெனத் தமையனார் கட்டளையிட்டனர் என்றும், தமையனார் மனைவியார் மறைவில் அழைத்து அன்னமிட்டு வந்தனர் என்றும் அவர் வரலாறெழுதினோர் கூறுவர். ஒருநாள் அவ்வம்மையார் கண்ணீர் விட்டு வேண்டியதனாலேயே அடிகள் வீட்டில் தங்கிக் கற்க உடன்பட்டனர் என்பதும் அவ்வரலாறே. சினமும் கட்டளையும் செய்யமாட்டாததை ஒருபிடி அன்னமும் கண்ணீரும் செய்தன.

1858-ஆம் ஆண்டளவில் சென்னையை விட்டு நீங்கிய அடிகள், கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் ஏறத்தாழ ஒன்பதாண்டு தங்கினார். தமக்கென ஒரு மனை அமைத்தாரல்லர். அங்ஙனம் பிறர் இல்லங்களில் விருந்தாய் இருந்தவரே, எல்லார்க்கும் இல்லமாக ஒன்றை அமைத்தார். பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ எண்பது காணி நிலத்தை வழங்க, 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள், பிரபவ வருஷம் வைகாசியில், வடலூரிற் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. அன்று மூட்டிய அடுப்பின் தீ இன்றுகாறும் அணையாது காக்கப்பட்டு வருகின்றது. பசித்து வந்தார் யார், எக்குலத்தார், எச்சமயத்தார் என்னும் வினா அங்கில்லை.

அடிகளது பிற்காலக் கொள்கைகள் பற்றிச் சைவ அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிகழ்ந்ததுண்டு. அன்னமளித்தலில் எவர்க்கும் வேறுபாடில்லை. அடியார்க்கு அமுதளிக்கும் மாகேசுர பூசையைத் தலையாய அறமாகக் கொண்டது சைவமரபு. இளையான்குடிமாற நாயனார் மழைபெய்யும் இரவில், விதைத்த நெல்லை வாரிக்கொணர்ந்து அடியாரை ஊட்டிய வரலாற்றை அறியாத சைவர் இலர். அவர்தம் இல்லத்தில் அப்போது செல்வமில்லை, விறகுமில்லை. கூரையின் கழிகளை அறுத்தே உலை எரிக்கப்பட்டது. வீட்டைக் குறைத்து விருந்தை நிறைத்த அவ்விடமே சிவபெருமான் எழுந்தருளும் இடமாயிற்று.

மூன்றாவதாகக் கருதத்தக்கது நெய்வேலிச் செய்தி. 1930-களில் அப்பகுதியிற் சம்புலிங்க முதலியார் நிலத்திற் கிணறு தோண்டுங்கால் கரிய பொருள் வெளிப்பட்டது. பின்னர் ஆராய்ச்சியால் பழுப்பு நிலக்கரி மிகுதியாய் உள்ளமை உறுதியாயிற்று. 1956-ஆம் ஆண்டில் நிலக்கரிக் கழகம் அமைந்தது; 1957-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப்பணியைத் தொடங்கிவைத்தார்; 1962-இல் மின்னாக்கமும் தொடங்கிற்று. சுரங்கத்தின்பொருட்டுப் பல ஊர் மக்கள் தம் வயலையும் மனையையும் குலதெய்வத்தின் கோயிலையும் விட்டு நீங்கி, அயலிடங்களிற் குடியேறினர். அவர் அடுப்புகள் அவிந்தமையாலேயே எண்ணிறந்த வீடுகளில் விளக்கு எரிகின்றது. அவ்விளக்கொளியில் அமர்ந்து உண்போர் இக்கடனை மறத்தல் தகாது.

நிலத்துக்கும் சுவருக்கும் மரத்துக்கும் விலை மதிக்கலாம். மாலையில் திண்ணையில் அமர்ந்து வழிப்போக்கரை அழைத்த குரலுக்கு விலை மதித்தல் எவர்க்கும் இயலாது. இழந்தவர்க்கு உரியதை முற்றக் கொடுத்தல் அரசின் அறம். மனை எங்குஞ் செல்வதாதலின் இழப்பொன்றுமில்லை என்று பிறர் கூறுதல் கொடுமையாம். ஆயினும் இழந்தார்தாமும் அறிந்து தேறத்தக்க உண்மை ஒன்றுண்டு. திருவாமூரினின்று திருவதிகைக்குத் திலகவதியார் கொண்டுசென்றதனை எந்தச் சுரங்கமும் தோண்டியெடுக்கமாட்டாது. புதியதோர் இடத்தில், புதியதோர் வாயிலில், விடியற்குமுன் நீர் தெளித்து, விளக்கேற்றி, வந்தாரை இருத்தி ஓர் உருண்டைச் சோறளித்த அந்நாளே அவ்விடம் மனையாகின்றது.

இவற்றால், மனையின் அமைதி வாயிலைச் சாத்திக்கொள்வதனால் வருவதன்று, திறந்துவைப்பதனால் வருவது என்பது போதரும். திருவள்ளுவனார் இல்வாழ்வான் ஓம்பத்தக்காரை எண்ணுங்கால், தன்னை இறுதியில் வைத்தமையும் இக்கருத்துப்பற்றியே. தன்னை முன்வைத்த வீட்டில் ஒவ்வொருவரும் தம் பங்கைக் காத்து விழித்திருப்பர். ஆண்டு அமைதி யாங்ஙனம் உண்டாகும்? தன்னைப் பின்வைத்த வீட்டில் காக்கவேண்டுவது யாதுமில்லை; ஆதலின் அங்கே அச்சமில்லை.

சைவ நன்மக்கள் இன்று எழுப்பும் இல்லங்கள் பெரியனவாகலாம், சிறியனவாகலாம். திண்ணைக்கு இடமில்லாதனவாகவும் இருக்கலாம். நாள்தோறும் ஒருவர்க்கேனும் ஒருபிடி மிகுதியாய் உலையிலிட்டு, வருவார் உளரோ என வாயிலை ஒருமுறை நோக்கும் வழக்கம் ஒன்று இருப்பின் போதும். அவ்வில்லத்தில் அமைதி தானே வந்து தங்கும், அடியார் வருவர், அடியாருடன் ஆண்டவனும் எழுந்தருள்வன்.

திருச்சிற்றம்பலம்.