உடற்கூற்றுச் சொற்களும் உழைப்பின் வரலாறும்

விஞ்ஞானக் கலைச்சொற்கள் பற்றி எம்மிடையே நிகழும் விவாதங்கள் பெரும்பாலும் மொழியின் வளம், வறுமை என்னும் இரு முனைகளுக்கிடையே நின்றுவிடுகின்றன. தமிழில் யாவும் உள என்பர் ஒருசாரார். தமிழால் எதுவும் இயலாது என்பர் மற்றொரு சாரார். மொழியைச் சமுதாயத்தினின்றும் பிரித்து நோக்குவதில் மட்டும் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். ஒரு சொல் பிறப்பதும் நிலைப்பதும் வழக்கிறப்பதும் அதனைக் கையாளும் மாந்தரின் தொழிலோடும், அத்தொழிலை நெறிப்படுத்தும் சமுதாய உறவுகளோடும் பிணைந்தவை என்பதே எமது நிலைப்பாடு. தசைகளைப் போர்த்துள்ள உறைக்கும் உடலின் அசைவுகளுக்கும் இடப்பட்ட பெயர்களை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் அகற்றினால், நார்த்தன்மை வாய்ந்த வெண்ணிற விரிப்பொன்று தசைகளைச் சுற்றியிருக்கக் காணலாம். இறைச்சி வெட்டுவோர் அதனைச் சவ்வு என்பர். ஐரோப்பிய உடற்கூற்றியலார் அதற்கு இட்ட பெயர் பாசியா. இலத்தீனிலே அது கட்டுத்துணியைக் குறிக்கும் சொல். காயத்துக்குச் சுற்றுவதும் கைக்குழந்தையைச் சுற்றுவதும் அதுவே. தொடையின் முன்புறத்தே குறுக்காக ஓடும் நீண்ட தசை சாற்றோரியஸ் எனப்பட்டது. தையற்காரனின் தசை என்பது அதன் பொருள். சப்பாணிகட்டியிருந்து தைப்பவனின் காலை மடக்கவும் புறத்தே திருப்பவும் அது உதவுகிறது. கன்னத்துத் தசை எக்காளம் ஊதுவோனின் பெயரைப் பெற்றது. உள்ளங்கையை மேனோக்கித் திருப்புதல் சுப்பினேசன். கீழ்நோக்கித் திருப்புதல் புரோனேசன். மல்லாந்து கிடத்தலையும் குப்புறக் கிடத்தலையும் சுட்டிய சாதாரண சொற்களிலிருந்தே இவை ஆக்கப்பட்டன. இன்று அருவமாகவும் அரியனவாகவும் தோன்றும் இச்சொற்கள் பட்டறையிலும் தொட்டிலடியிலும் தெருவிலும் வழங்கிய சொற்களின் வழித்தோன்றல்களே.

சொற்கள் உழைப்பிலிருந்து வந்தபோதிலும் அறிவு உழைப்பிலிருந்து விலகியே நின்றது. மத்தியகாலப் பிற்பகுதியின் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்து பண்டை நூலை வாசிப்பார். கீழே நின்று சடலத்தை அறுப்பவன் நாவிதத் தொழிலையும் இரண வைத்தியத்தையும் ஒருங்கே செய்த கைவினைஞன். நூலறிந்தவன் கத்தியைத் தொடான். கத்தி பிடித்தவன் இலத்தீன் அறியான். பதுவாவில் கற்பித்த வெசாலியஸ் ஆசனத்தைவிட்டு இறங்கித் தாமே அறுத்தார். 1543ஆம் ஆண்டு பாசெல் நகரில் அச்சேறிய அவரது பெருநூல், கையையும் கருத்தையும் ஓரளவேனும் ஒன்றுசேர்த்ததன் விளைவாகும். வணிக நகரங்களின் எழுச்சியும் அச்சுத்தொழிலின் பரவலும் ஓவியரின் பட்டறைகளும் இன்றி இம்மாற்றம் நிகழ்ந்திருக்க முடியாது.

ஆயினும் கத்திக்கும் ஒரு நோக்கம் உண்டு. தசையைத் தெளிவாகக் காட்டவேண்டுமாயின் அதன் உறையை அகற்றவேண்டும். ஆகவே பாசியா, உள்ளேயுள்ள பொருளைக் காண்பதற்காகக் களையப்படும் பொதியாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. தசைகள் தனித்தனி உறுப்புகளாகவும் ஒவ்வோர் அசைவும் தனியொரு தசையின் செயலாகவும் நூல்களில் வகுக்கப்பட்டன. இதனை முதலாளித்துவ வேலைப்பிரிவினையின் நேரடிப் பிரதிபலிப்பெனக் கூறுவது விடயத்தை அளவுமீறி எளிமைப்படுத்துவதாகும். அறிவு தன் கருவியின் எல்லையைப் பொருளின் எல்லையாக எண்ணிவிடுகிறது என்பதே இங்குப் பெறப்படும் உண்மை. 

பெயர்களும் பெருகின. 1895இல் பாசெலில் ஒரு பொதுப் பட்டியல் வகுக்கப்பட்டபோது, வழங்கிய ஏறக்குறைய 50,000 பெயர்கள் சுமார் 5,000 ஆகக் குறைக்கப்பட்டன. 1998இல் வெளியான சர்வதேசப் பட்டியல், தோலின் கீழுள்ள இழையத்தை மேலோட்டமான பாசியா என அழைக்கும் வழக்கைக் கைவிடுமாறு கூறிற்று. எனினும் பிணக்குத் தீரவில்லை. 2007இல் பொஸ்ரன் நகரில் இவ்விழையத்துக்கென்றே முதலாவது சர்வதேச ஆய்வு மாநாடு கூடியது. நரம்பு முனைகள் செறிந்ததாகவும், ஒரு தசையின் விசையை அயற்றசைக்குக் கடத்துவதாகவும் இன்று அறியப்படும் இப்பகுதியின் வரம்பு எதுவென்பது தொடர்ந்தும் வாதிக்கப்படுகிறது.

அறுக்கப்பட்ட உடல்கள் யாருடையவை என்ற வினாவும் ஒதுக்கத்தக்கதன்று. பிரித்தானியாவில் 1832ஆம் ஆண்டின் உடற்கூற்றுச் சட்டம், உரிமை கோருவாரற்ற சடலங்களை மருத்துவப் பாடசாலைகளுக்கு வழங்க இடமளித்தது. வறியோர் விடுதிகளில் இறந்தவர்களே பெரும்பாலும் இதற்கு உட்பட்டனர். 1858இல் இலண்டனில் வெளிவந்த கிறேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் இத்தகைய சூழலில் உருவானதாகும்.

அந்நூலே பதினான்கு ஆண்டுகளின் பின்னர் தமிழில் வெளிவந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டு மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். மானிப்பாய் அவரது பணிக்கு நிலைக்களமாயிற்று. தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், 1862இல் இரண்டாம் முறை வந்தபின் தமிழுக்கு மாறினார். இம்மாற்றத்தின் காரணம் மொழிப்பற்று அன்று. ஆங்கிலத்திற் கற்றவர் ஊதியம் நாடி அரச சேவைக்குச் சென்றனர். தமிழிற் கற்றவர் கிராமங்களிலே தங்குவர் என்பது அவரது கணிப்பு. சமயப் பிரசார நோக்கமும் இதனுள் அடங்கியிருந்தது. நோக்கம் எதுவாயினும் விளைவு பெரிது. 1867இல் இரண வைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம், 1875இல் கெமிஸ்தம் என, அவரும் அவருடைய மாணவர்களும் ஆக்கிய நூல்கள் 4,000 பக்கங்களை விஞ்சின.

தமிழ்ச் சொல் உளதாயின் அதனையும், இல்லையாயின் வடசொல்லையும், அதுவும் உதவாதவிடத்து ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவத்தையும் கொள்வது அவர்தம் முறை. நூற்பெயர்களே இதற்குச் சான்று. அங்காதிபாதம், சுகரணம் முதலியன பண்டிதர் வழிவந்த சொற்கள். உழவனும் தச்சனும் அறிந்தவையல்ல. இது ஒரு குறையே. ஆயினும் அச்சொற்கள் வழக்கிறந்ததற்கு இதனைக் காரணமாகக் கொள்ள முடியாது. சடலத்தை அறுத்த நாவிதனும் இலத்தீன் அறியான், இலத்தீன் நிலைத்தது.

காரணத்தை வேறிடத்தே தேடவேண்டும். 1870இல் கொழும்பில் அரச மருத்துவப் பாடசாலை ஆங்கிலத்தில் ஆரம்பிக்கப்பட்டது. பெருந்தோட்டப் பொருளாதாரத்தையும் குடியேற்ற ஆட்சியையும் பேணுவதற்கு ஆங்கிலம் அறிந்த வைத்திய உத்தியோகத்தர் தேவைப்பட்டனர். பதவியும் ஊதியமும் அங்கிருந்தே கிடைத்தன. யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கமும் ஆங்கிலக் கல்வியையே உயர்வுக்கு வழியாகக் கொண்டது. கிறீன் 1873இல் தாயகம் திரும்பி 1884இல் இறந்தார். அவருடைய சொற்களை ஏற்று வளர்க்க அரசும் இல்லை. அவற்றால் ஆதாயம் பெறும் வர்க்கமும் இல்லை. நூல்கள் இருந்தன, அவற்றை வேண்டிய நிறுவனம் இல்லாதொழிந்தது. 

1956இன் பின்னர் தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பிக்கப்பட்டபோது, அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொற்றொகுதிகள் பாடசாலையை அடைந்தன. இழையம், கலம், என்பு ஆகியவற்றை எமது மாணவர் இயல்பாகவே கையாளுகின்றனர். பரீட்சையும் பாடநூலும் அவற்றைத் தாங்கி நிற்பதே காரணம். மருத்துவக் கல்வியோ ஆங்கிலத்திலேயே தொடர்ந்தது. 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடமும் விதிவிலக்கன்று.

இவ்விடைவெளியின் சுமையைத் தாங்குபவர் நோயாளரே. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே கைகால் ஊனமுற்றோர் பலர், மீண்டும் மடக்கவும் நீட்டவும் நடக்கவும் பயிலவேண்டியிருந்தது. அப்பயிற்சி நோயாளருடன் தமிழிலேயே பேசப்படுவது. அதன் அறிவோ ஆங்கில ஏட்டில் உள்ளது. தமக்கு என்ன செய்யப்படுகிறது என்பதை அறிய அவர்கள் இன்னொருவரின் பெயர்ப்பை எதிர்பார்த்திருக்க நேர்கிறது. உள்ளங்கையை மலர்த்தல், கவிழ்த்தல், கையை உடலினின்று அகற்றல், உடலோடு சேர்த்தல் என்பன எமது வயல்களிலும் பட்டறைகளிலும் ஏற்கெனவே வழங்குவன. இலத்தீன் சொற்கள் பிறந்ததும் இத்தகைய வழக்கிலிருந்தே. இவற்றைத் துல்லியமாக வரையறுத்து, உடற்பயிற்சிச் சிகிச்சையாளர், தாதியர், நோயாளர் ஆகியோரின் பயன்பாட்டில் வைத்துத் திருத்துவதே செய்யத்தக்கது. சொல்லாக்கக் குழுக்களின் பட்டியல்கள் இதற்குத் துணையாகலாமேயன்றி ஈடாகா. மருத்துவ அறிவு மக்களின் உடைமையாவதற்கான கோரிக்கையிலிருந்து கலைச்சொல் பிரச்சினையைப் பிரித்தெடுப்பின், கிறீனின் நூல்கள் அடைந்த கதியையே புதிய பட்டியல்களும் அடையும் என்பது எமது துணிபு.